ராட்டினத்தில் ஏறாத ஒருவர்

உலகத்தில் உள்ள மனிதர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். ராட்டினத்தைக் கண்டதும் ஓட்டமாக ஓடிப் போய் ஏறிக் கொள்கிறவர்கள் ஒரு வகை. கீழே நின்று, ஏறினவர்களுடைய கைப்பை, மூக்குக் கண்ணாடி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் மடியில் கட்டிக் கொண்டு, "பார்த்து! பார்த்து! கெட்டியாப் பிடிச்சுக்கோ!" என்று கத்துகிறவர்கள் இன்னொரு வகை.

தீம் பார்க் என்று சொல்லப்படும் பிரம்மாண்டமான கேளிக்கைப் பூங்காக்களில் முதல் வகையினருக்குத்தான் மதிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டாவது வகையினர் டிக்கெட் பணத்தை வீணாக்க வந்தவர்கள் என்பது அவர்களுடைய அபிப்பிராயம். ஆனால், அந்தப் பூங்காக்கள் பிறந்த கதையைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கிரிஃபித் பார்க் என்று ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. கார்ட்டூன் படங்களால் உலகப் புகழ் பெற்ற வால்ட் டிஸ்னி, விடுமுறை நாட்களில் தம்முடைய இரண்டு பெண் குழந்தைகளையும் அங்கே அழைத்துப் போவார். குழந்தைகள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள். அப்பா பெஞ்சியில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக் கொண்டிருப்பார். 'பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து சந்தோஷமாகப் பொழுதுபோக்க ஓர் இடம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!' என்ற யோசனை அந்தப் பெஞ்சியில்தான் உதித்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அதன் பலனாகத்தான் 1955 ஜூலை 17-ந் தேதி கலிஃபோர்னியாவில் அனஹைம் என்னும் ஊரில் டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டது. 1971 அக்டோபர் 1-ந் தேதி, ஃபுளோரிடாவில் அதைவிடப் பெரிய டிஸ்னி வேர்ல்ட் திறக்கப்பட்டது.

ஆக, ராட்டினத்தில் ஏறாமல் பெஞ்சியில் உட்கார்ந்திருப்பது ஒன்றும் கேவலமான காரியம் அல்ல. அதிலும், கூட வருகிற குழந்தை ஆட்டிசம் உள்ள குழந்தையாக இருந்துவிட்டால், அந்தப் பெஞ்சிக்காரருடைய அந்தஸ்து பல மடங்கு உயர்ந்துவிடுகிறது!

உங்கள் மகனோ மகளோ அமெரிக்காவில் குடியிருக்கலாம். கோடைக்கு நீங்கள் அங்கே போயிருக்கிறீர்கள். பேரனுக்கு எட்டு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. டிஸ்னி வேர்ல்டுக்குப் போக வேண்டும் என்று அவனுக்குக் கொள்ளை ஆசை. போகிற நாள் நெருங்க நெருங்கக் கொள்ளைப் பயம். ராத்திரி தூக்கம் இல்லை. ஒரே கேள்வியை நூறு தடவை கேட்கிறான். நீங்களோ ஊஞ்சலைத் தவிர வேறு எதிலும் ஆடி அறியாதவர். இந்த லட்சணத்தில் பிரயாணம் உருப்படுமா என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தேகம்.

உருப்படும். உங்களால்தான் உருப்படும். எப்படி என்று கேளுங்கள்.

பயம் எங்கிருந்து வருகிறது?

ஆட்டிசம் என்பதை ஒரு தனி நிலையாக முதன் முதலில் விவரித்து எழுதியவர்களில் முக்கியமானவர் லியோ கானர் என்ற டாக்டர். 1943-ஆம் வருஷம், பதினொரு குழந்தைகளைக் கவனித்து அவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அந்தக் குழந்தைகள் எதைக் கண்டு பயந்தார்கள் என்று ஒரு பட்டியலும் அதில் இருக்கிறது. ஊஞ்சல், மின்சார லிஃப்ட், தூசி உறிஞ்சும் யந்திரம், சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை, குழாய்த் தண்ணீர், சில சமயம் வெறும் காற்றுக்குக் கூடப் பயம்!

இதைவிட முக்கியமான இன்னொரு விஷயத்தையும் டாக்டர் கவனித்தார். எந்தச் சத்தத்தைக் கேட்டுக் குழந்தை நடுங்குகிறதோ, அதே அளவு சத்தத்தை அது தானாகவே போடும். அப்போது பயமே இல்லை! அதாவது, சத்தம் மாத்திரம் எதிரி அல்ல. தன்னைக் கேட்காமல், சொல்லாமல் கொள்ளாமல், வெளியிலிருந்து வந்து விழுகிறதே, அதுதான் எதிரி.

இப்போது ஒரு தீம் பார்க்கை நினைத்துப் பாருங்கள். எங்கே பார்த்தாலும் யந்திரங்கள். மூலைக்கு மூலை வெவ்வேறு பாட்டு. திடீரென்று ஒரு வெடி. முதுகில் இடிக்கும் ஜனக்கூட்டம். இத்தனையும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து விழுகின்றன. நமக்கு வேடிக்கையாக இருப்பது அந்தப் பிள்ளைக்கு நாலு திசையிலிருந்தும் கல் விழுகிற மாதிரி இருக்கிறது. அதோடு, எதுவும் நேற்று இருந்தபடியே இன்றும் இருக்க வேண்டும், அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது ஆட்டிசம் உள்ள பலருடைய சுபாவம். பூங்காவிலோ அடுத்த நிமிஷம் என்ன நடக்கும் என்பதே தெரியாது.

இது வளர்ப்பின் கோளாறு அல்ல. செல்லம் கொடுத்ததால் வந்ததும் அல்ல. அபூர்வமான விஷயமும் அல்ல. அமெரிக்காவில் தேர்ந்தெடுத்த சில பிரதேசங்களில் 2022-ஆம் வருஷத்துக்கு எடுத்த கணக்குப்படி, எட்டு வயதுக் குழந்தைகளில் 31-ல் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாகத் தெரிய வந்தது. நீங்கள் போகிற பூங்காவில் உங்கள் பேரன் மட்டும் தனி ஆள் அல்ல.

போவதற்கு முன்பே போய் வாருங்கள்

முன்கூட்டித் தெரியாததுதான் பயத்துக்கு வேர் என்றால், முன்கூட்டித் தெரிவிப்பதுதான் மருந்து. இந்த வேலைக்கு வீட்டில் ஓய்வாக இருக்கும் பாட்டி தாத்தாவைவிடத் தகுதியானவர்கள் யார்?

அமெரிக்காவில் காரல் கிரே என்ற ஆசிரியை 1990-களின் தொடக்கத்தில் ஒரு சுலபமான வழியைக் கண்டுபிடித்தார். குழந்தை சந்திக்கப் போகும் சம்பவத்தை அதற்குப் புரியும் சின்னச் சின்ன வாக்கியங்களில் ஒரு குட்டிக் கதையாக எழுதித் தருவது. கதை என்றால் ராஜா ராணி கதை அல்ல. நடக்கப் போவது நடக்கப் போகிறபடியே!

"காலையில் காரில் போவோம். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். உள்ளே கூட்டமாக இருக்கும். சத்தம் அதிகமாக இருந்தால் காதை மூடிக் கொள்ளலாம். சில சமயம் ராட்டினம் ரிப்பேர் ஆகிவிடும். அப்போது வேறு இடத்துக்குப் போவோம். சாயந்திரம் வீட்டுக்குத் திரும்பி வருவோம்."

இவ்வளவுதான். படங்களை ஒட்டி, போவதற்குப் பல நாள் முன்பே தினமும் ஒரு தடவை படித்துக் காட்டினால் போதும். 'ரிப்பேர் ஆகிவிடும்' என்ற வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஃபுளோரிடாவில் கோடைக் காலத்துப் பிற்பகல்களில் இடி மின்னல் சகஜம். மின்னல் வந்தால் திறந்த வெளி ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். மாறுதல் வரும் என்பதும் திட்டத்தில் ஒரு பகுதியாக இருந்தால், மாறுதல் அவ்வளவாகச் சுடாது.

இன்டர்நெட்டில் யூடியூபில் தேடினால், அநேகமாக எல்லாச் சவாரிகளையும் ஏறியவர் கண்ணால் பார்க்கிற மாதிரியே படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். பேரனை மடியில் வைத்துக் கொண்டு பாருங்கள். முதலில் சத்தமே இல்லாமல். பிறகு கொஞ்சம் சத்தத்தோடு. "இது வேண்டும், இது வேண்டாம்" என்று அவனே பொறுக்கட்டும். பொறுக்குகிற அதிகாரம் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

பூங்காக்காரர்களும் இதற்கு உதவி செய்கிறார்கள். எந்தச் சவாரியில் இருட்டு உண்டு, எதில் பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும், எதில் தண்ணீர் தெறிக்கும், எதில் வாசனை வரும் என்றெல்லாம் டிஸ்னி வேர்ல்டில் விவரக் குறிப்பு வெளியிட்டிருக்கிறார்கள். பென்ஸில்வேனியாவில் உள்ள ஸெஸமி பிளேஸ் என்ற பூங்கா, 2018-ல், ஆட்டிசம் பற்றி ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் பெற்ற முதல் தீம் பார்க் ஆயிற்று. தொடுவது, ருசிப்பது, கேட்பது, முகர்வது, பார்ப்பது என்று ஐம்புலன்களுக்கும் ஒவ்வொரு சவாரியும் எவ்வளவு தொல்லை கொடுக்கும் என்று 1 முதல் 10 வரை மார்க் போட்டு அங்கே அட்டவணை வைத்திருக்கிறார்கள்!

க்யூ என்னும் கண்டம்

தீம் பார்க்கில் பயங்கரமான சவாரி எது தெரியுமா? ரோலர் கோஸ்டர் அல்ல. அதற்கு முன்னால் நிற்கிற க்யூ! முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. எப்போது முடியும் என்றும் தெரியாது. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு நாள் கெட்டுப் போவது அங்கேதான்.

டிஸ்னி பூங்காக்களில் இதற்காக 2013 முதல் 'டிஸபிலிட்டி ஆக்ஸஸ் சர்வீஸ்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. இது க்யூவைத் தாண்டிக் கொண்டு முன்னால் ஓடுகிற சலுகை அல்ல. வரிசையில் ஒரு மணி நேரம் ஆகும் என்றால், ஏறக்குறைய அந்த ஒரு மணி நேரம் கழித்து வரச் சொல்லி நேரம் குறித்துக் கொடுப்பார்கள். அதுவரை நிழலில் உட்காரலாம், சாப்பிடலாம், சும்மா நடக்கலாம். காத்திருப்பது என்னவோ அதே காத்திருப்புதான். கூட்டத்தில் நசுங்காமல் காத்திருக்கலாம் என்பதே லாபம்.

2024-ல் இதற்கு விதிகளை இறுக்கிவிட்டார்கள். ஆட்டிசம் அல்லது அதைப் போன்ற வளர்ச்சிக் குறைபாடு காரணமாக நீண்ட வரிசையில் நிற்க இயலாதவர்களுக்கு என்று வரையறுத்திருக்கிறார்கள். புறப்படுவதற்கு முன்பே டிஸ்னியின் இணையதளம் மூலம் வீடியோவில் பேசிப் பதிவு செய்து கொள்ளலாம். அப்போது குழந்தையும் கூட இருக்க வேண்டும். "வரிசையில் நின்றால் என்ன ஆகும்?" என்பதைத்தான் கேட்பார்கள். அதைத் தெளிவாகச் சொல்லத் தயாராக இருங்கள். விதிகள் அவ்வப்போது மாறுவதால் டிக்கெட் வாங்குவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக் கொள்வது நல்லது.

இரண்டாவது ஏற்பாட்டின் பெயர் 'ரைடர் ஸ்விட்ச்'. இது உயரம் போதாத குழந்தைகளுக்கும், ஏற மனம் இல்லாதவர்களுக்கும் உதவுகிறது. ஸ்பேஸ் மவுன்டன் என்று ஒரு சவாரி. இருட்டுக்குள் பாய்ந்து திரும்பும் ரோலர் கோஸ்டர். அதற்கு 44 அங்குல உயரமாவது வேண்டும். பேரன் ஏற மாட்டேன் என்கிறான். அப்பா ஏறிவிட்டு வரும் வரையில் அம்மா பையனோடு வெளியில் இருப்பாள். அப்பா வந்ததும், மறுபடி நீண்ட வரிசையில் நிற்காமல் அம்மா போய் ஏறலாம். வாசலில் இருக்கும் சிப்பந்தியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இதிலும் ஒரு குறை இருக்கிறதே! அப்பாவும் அம்மாவும் மாறி மாறித்தான் ஏறலாம். சேர்ந்து ஏற முடியாது. அல்லும் பகலும் அந்தக் குழந்தையைச் சுற்றியே சுழன்று களைத்துப் போன இரண்டு பேர், பத்து நிமிஷம் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் கொண்டு கூச்சல் போட்டுவிட்டு வர வேண்டாமா? அதற்குத்தான் ஏறாத ஒருவர் வேண்டும்.

பெஞ்சி உத்தியோகம்

பெஞ்சியில் உட்காருவது சும்மா உட்காருவது அல்ல. அது ஓர் உத்தியோகம். அதற்குச் சில சட்ட திட்டங்கள் உண்டு.

முதலாவது, இடம் மாறக் கூடாது. காலையில் உள்ளே நுழைந்ததும் நிழலாக, சற்று ஒதுக்குப்புறமாக, பாட்டு ஒலிக்காத இடமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பேரனுக்குக் காட்டிவிட வேண்டும். "இதுதான் நம்ம இடம். எப்போ வேணும்னாலும் இங்கே வரலாம்." சமுத்திரத்தில் இறங்குகிறவனுக்குக் கரை தெரிந்து கொண்டே இருக்க வேண்டும். நீங்கள்தான் அந்தக் கரை.

இரண்டாவது, நேரம் தெரிய வேண்டும். அப்பாவும் அம்மாவும் அவன் பார்க்காதபோது நழுவிப் போகவே கூடாது. சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பிறகு நடக்கும் சம்பாஷணை இப்படித்தான் இருக்கும்:

"பாட்டி, அம்மா எப்போ வருவா?"

"பெரிய முள் எட்டுக்கு வந்ததும் வருவா, கண்ணா."

"பாட்டி, அம்மா எப்போ வருவா?"

"பெரிய முள் எட்டுக்கு வந்ததும் வருவா, கண்ணா."

முதல் தடவை சொன்ன அதே குரலில், அதே வார்த்தைகளில், இருபதாவது தடவையும் சொல்ல வேண்டும். "எத்தனை தடவைடா சொல்றது?" என்று அதட்டினால் போச்சு! அவன் பதிலுக்காக மட்டும் கேட்கவில்லை. உலகம் இன்னும் மாறாமல் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறான். எட்டுக்கு என்றால் உண்மையிலேயே எட்டுக்கு முடிகிற மாதிரி, சற்றுக் கூடுதலாகவே கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பை. அதில் காதை மூடும் ஹெட்போன், வழக்கமாகச் சாப்பிடும் தின்பண்டம், பிரியமான பழைய பொம்மை, மாற்றுத் துணி இவை இருக்க வேண்டும். கூடவே, ஒட்டுகிற சிறு காகிதச் சீட்டு ஒரு கட்டு. எதற்கு என்கிறீர்களா? அங்கேயுள்ள கழிப்பறைகளில் ஆள் அசைந்தாலே தண்ணீர் தானாகவே 'ஹோ'வென்று பாயும். பெரிய ரோலர் கோஸ்டருக்குப் பயப்படாத பிள்ளைகள் கூட இதற்கு நடுங்குவார்கள். அந்தச் சின்னக் கண்ணாடிக் கண்ணின் மேல் ஒரு சீட்டை ஒட்டிவிட்டால் தண்ணீர் நம் உத்தரவுக்குக் காத்திருக்கும்!

நாலாவது, ஜாக்கிரதை. பயந்தாலும் சரி, எதையாவது கண்டு மயங்கினாலும் சரி, சட்டென்று ஓடிவிடும் சுபாவம் சில குழந்தைகளுக்கு உண்டு. பெற்றோரின் டெலிபோன் நம்பர் எழுதிய பட்டை ஒன்று அவன் கையில் இருக்கட்டும். காலையில் புறப்படும்போதே அன்றைய உடுப்போடு ஒரு போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள்.

ஏறாதவர்கள் ஒன்றுமே பார்க்க முடியாதோ என்று ஏங்க வேண்டாம். 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' என்ற படகுச் சவாரி 1964-ல் நியூயார்க் உலகப் பொருட்காட்சிக்காகச் செய்யப்பட்டது. பொம்மைகள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடும். படகு மெல்ல நகரும். ஒரே பாட்டு என்பது நமக்கு அலுப்பு. சில பிள்ளைகளுக்கு அதுவே அமிர்தம். ஃபுளோரிடாவில் 'பீப்பிள்மூவர்' என்று ஒன்று உண்டு. உயரமான பாதையில் சாவதானமாகப் போய், ஸ்பேஸ் மவுன்டனின் உள்ளே கூடப் புகுந்து வெளியே வரும். சற்று நேரம் இருட்டாக இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். அப்பாவும் அம்மாவும் அலறுகிற இடத்தைப் பாட்டியும் பேரனும் ஆடாமல் அசையாமல் பார்த்துவிட்டு வரலாம்!

ஏமாற்ற வேண்டாம்

ஆசை மிகுதியால் சில பெரியவர்கள் ஒரு காரியம் செய்வதுண்டு. "ஒண்ணும் பயமா இருக்காதுடா, கண்ணை மூடிக்கோ" என்று சொல்லித் தூக்கி உட்கார வைத்துவிடுவார்கள். மற்றக் குழந்தை அழுதுவிட்டு மறந்துவிடும். இந்தக் குழந்தை மறக்காது. சவாரிக்கு மட்டுமல்ல, அடுத்த நாள் டாக்டர் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நீங்கள் சொல்லும் வார்த்தைக்கும் மதிப்புப் போய்விடும். ஒரு ராட்டினத்துக்காக அவ்வளவு பெரிய சொத்தைப் பணயம் வைக்கலாமா? வாசல் வரை போய், "வேண்டாம்" என்று திரும்பி வர அவனுக்கு உரிமை உண்டு. திரும்பி வந்தால், "இவ்வளவு தூரம் போய்ப் பார்த்தியே, பேஷ்!" என்று சொல்லுங்கள். நீங்களே ஏறாதவர் அல்லவா? நீங்கள் சொன்னால் நம்புவான்!

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் சில சமயம் புயல் அடித்துவிடும். காதைப் பொத்திக் கொண்டு தரையில் விழுந்து அலறுவான். இதை அடம் என்று நினைக்காதீர்கள். அடம் பிடிக்கிற பிள்ளை, நாம் பார்க்கிறோமா என்று ஓரக் கண்ணால் பார்க்கும். கேட்டதைக் கொடுத்தால் நிறுத்தும். இந்தப் பிள்ளைக்கு அப்போது எதையும் வாங்கிக் கொடுத்துப் பயனில்லை. நம் பேச்சு அவன் காதில் ஏறவே ஏறாது. ஆகவே பேச்சைக் குறையுங்கள். வெளிச்சமும் கூட்டமும் இல்லாத இடத்துக்கு நகர்த்துங்கள். அவனுக்குப் பிடித்தால் மட்டும் அணைத்துக் கொள்ளுங்கள். பிறகு காத்திருங்கள்.

அந்தச் சமயத்தில் நாலு பேர் முறைப்பார்கள். "ரெண்டு அறை கொடுத்தால் சரியாப் போயிடும்" என்று ஏதாவது ஒரு மகானுபாவர் வாய் திறப்பார். பெற்றவள் கூனிக் குறுகி நிற்பாள். அந்த நிமிஷத்தில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. எழுந்து போய், குழந்தைக்கும் ஜனங்களுக்கும் நடுவில், ஜனங்களைப் பார்த்தபடி நின்று கொள்ளுங்கள். ஒன்றும் பேச வேண்டாம். புடவைத் தலைப்பு மறைக்கிற மறைப்பே போதும்.

மார்கனின் பூங்கா

டெக்ஸாஸ் ராஜ்யத்தில் ஸான் அன்டோனியோ நகரத்தில் கார்டன் ஹார்ட்மன் என்று ஒருவர். வீடு கட்டி விற்கும் தொழில் செய்தவர். அவருடைய மகள் மார்கனுக்கு வளர்ச்சிக் குறைபாடு உண்டு. ஒரு விடுமுறையில், ஹோட்டல் நீச்சல் குளத்தில் விளையாடிக் கொண்டிருந்த குழந்தைகளோடு சேர்ந்து கொள்ளலாம் என்று மார்கன் ஆசையோடு போனாள். அந்தக் குழந்தைகள் குளத்தை விட்டு வெளியேறிவிட்டார்கள். அதைப் பார்த்துக் கொண்டிருந்த தகப்பனாருக்கு எப்படி இருந்திருக்கும்?

2010-ஆம் வருஷம் அவர் 'மார்கன்ஸ் வொண்டர்லாண்ட்' என்ற பூங்காவைத் திறந்தார். 25 ஏக்கர் விஸ்தீரணம். சக்கர நாற்காலியோடேயே ஆடக் கூடிய ஊஞ்சல் உண்டு. சக்கர நாற்காலியோடேயே ஏறிச் சுற்றும் ராட்டினம் உண்டு. குறைபாடு உள்ளவர்களுக்கு அனுமதி இலவசம். இல்லாதவர்களும் டிக்கெட் வாங்கிக் கொண்டு வந்து அவர்களோடு சேர்ந்து விளையாடுகிறார்கள். இதுவும் ஓரமாக நின்று பார்த்துக் கொண்டிருந்த ஒருவருடைய யோசனைதான்!

கடைசியாக ஒன்று. டிக்கெட்டுக்குக் கொடுத்த டாலரை ராட்டினங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்து லாப நஷ்டக் கணக்குப் போடாதீர்கள். பிற்பகல் இரண்டு மணிக்கே "வீட்டுக்குப் போகலாம்" என்று அவன் சொன்னால், எழுந்து கிளம்புங்கள். 'போகலாம் என்றால் உடனே போவார்கள்' என்று தெரிந்த குழந்தைதான் அடுத்த தடவை துணிந்து வரும். வாண வேடிக்கை பார்க்கவில்லையே என்று வருத்தம் வேண்டாம். சாயந்திரம் ஓய்வெடுத்துவிட்டு, பூங்காவுக்கு எதிரே ஏரிக்கரையில் இருந்து பார்த்தால் வாணங்கள் ஆகாயத்தில் பூப்பூவாய் விரியும். வெடிச் சத்தம் மட்டும் பின்னால் மெதுவாக வந்து சேரும். காதை மூடிக் கொண்டிருக்கிற கைகளில் ஒன்று, வேடிக்கை பார்க்கிற சுவாரசியத்தில், தானாகவே கீழே இறங்கி உங்கள் விரலைப் பற்றினாலும் பற்றும்.

அதை எந்த ராட்டினத்திலிருந்தும் பார்க்க முடியாது.